ப்ளக்கைப் பிடுங்கி வச்ச டிவியும் மின்னல்ல போகும்!

வணக்கம் மக்களே! இன்னிக்கு எனக்கு ஒரே சந்தோஷம், கூடவே கோவமும். சந்தோஷம் எதுக்குன்னா, இதோ எனக்குப் பின்னாடி ஓடுது பாருங்க, இந்த டிவி. கோவம் எதுக்குன்னா, இதே டிவியைப் பார்த்துட்டு "மின்னல் அடிச்ச செட்டு, மெயின் போர்டு மாத்தணும், பேனலும் போயிருக்கும்"னு ஒருத்தர் சொல்லி அனுப்பியிருக்கார். பின்மூடியில ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட்ட தடம் இல்ல! மீட்டரைக் கையில எடுக்காம தீர்ப்பு சொல்றது எனக்குச் சுத்தமா பிடிக்காது, உங்களுக்குத்தான் தெரியுமே.

இது எங்க அக்கா வீட்டு டிவி. "நான்தான் மழை ஆரம்பிச்சதுமே ப்ளக்கைப் பிடுங்கி வச்சேனேடா, அப்புறம் எப்படிப் போச்சு?"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி. எனக்கும் அதுதான் மண்டையைக் குடைஞ்சுது.

கோளாறு என்னன்னா, ப்ளக்கை மாட்டினா சிவப்பு லைட் வந்து வந்து போகுது. ரிமோட்டுக்கு அசையவே இல்ல. வழக்கம்போல சீரிஸ் பல்புல போட்டேன், அதாவது டிவிக்குப் போற கரண்ட் ஒரு குண்டு பல்பு வழியா போற மாதிரி. பல்பு ஒரு கணம் பளிச்சுன்னு எரிஞ்சு அணைஞ்சுடுச்சு. அப்பவே எனக்குப் பாதி நிம்மதி. பவர் போர்டோட பிரைமரி பக்கம், அதாவது வீட்டுக் கரண்ட் நேரா வர்ற பக்கம், ஷார்ட் ஆகியிருந்தா பல்பு முழு வெளிச்சத்துல நின்னு எரிஞ்சிருக்கும்.

திறந்து பார்த்தா ஃப்யூஸ் நல்லா இருக்கு. அதுக்குப் பக்கத்துல நீலக் கலர்ல தட்டையா ஒண்ணு இருக்குமே, எம்ஓவி, திடீர்னு எகிற்ற வோல்டேஜைத் தான் வாங்கிக்கற பார்ட், அதுலயும் ஒரு கறை இல்ல. சர்ஜ், அதாவது அந்த எகிற்ற வோல்டேஜ், வீட்டுக் கரண்ட் லைன் வழியா வந்திருந்தா பெரும்பாலும் இந்த எம்ஓவி வெடிச்சு, ஃப்யூஸ் கண்ணாடி கருகிக் கிடக்கும். பெரிய கெப்பாசிட்டர்ல சுமார் 320 வோல்ட் டிசி. 230 வோல்ட் சப்ளைக்கு அது சரியான கணக்கு.

ஐயோ, இதைச் சொல்லாம தாண்டிட்டேன். அந்தக் கெப்பாசிட்டர் ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் சார்ஜைப் பிடிச்சு வச்சிருக்கும். ரெசிஸ்டர் வச்சு டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல வோல்டேஜ் இறங்கினதைக் கண்ணால பார்த்த பிறகுதான் போர்டுல கை வைக்கணும். ஸ்க்ரூட்ரைவரை வச்சுப் பொறி பறக்க விடறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

சரி, அடுத்து ஸ்டாண்ட்பை 5 வோல்ட், அதாவது டிவி ஆஃப்ல இருக்கும்போதும் ரிமோட்டுக்குக் காத்திருக்கற சப்ளை. அது நிக்கல, ஏறுது, விழுது. மெயின் போர்டுக்குப் போற கனெக்டரைக் கழட்டினேன். 5 வோல்ட் கல்லு மாதிரி நின்னுடுச்சு! அப்ப பவர் போர்டு மேல பழியே இல்ல. மெயின் போர்டுல ஏதோ ஒண்ணு அந்த லைனை இழுத்து கிரவுண்டுல சாய்க்குது. மீட்டர் வச்சா ஒரு ஓமுக்கும் கீழ, அதாவது ஷார்ட்.

இப்பதான் எனக்குப் பிடிச்ச கட்டம். வோல்டேஜையும் கரண்டையும் நாமே செட் பண்ற பெஞ்ச் சப்ளையில வெறும் 1 வோல்ட், கரண்டையும் மட்டுப்படுத்தி, அந்த 5 வோல்ட் லைன்லயே கொடுத்தேன். போர்டு மேல ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பரவலா தடவினேன். ஷார்ட் ஆன பார்ட் சூடாகும், அது மேல இருக்கற ஆல்கஹால் முதல்ல காயும். டிவியோட மூளையான மெயின் ஐசி பக்கம் காஞ்சா கதை முடிஞ்சுது, அப்ப முதல்ல பார்த்தவர் சொன்ன மாதிரி போர்டுதான் மாத்தணும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்க்கறேன். மெயின் ஐசி ஈரமாவே இருக்கு. ஹெச்டிஎம்ஐ போர்ட்டை ஒட்டி ஒரு பொடிப் பார்ட் மட்டும் பளிச்சுன்னு காயுது! மொத்தம் ஆறு கால்கள்தான் அதுக்கு, அரிசியை விடச் சின்னது. கத்திட்டேன் மக்களே, மாடியிலேர்ந்து அம்மா என்னாச்சுன்னு ஓடி வந்தாங்க.

அது ஒரு பாதுகாப்பு டயோடு ஐசி. ஹெச்டிஎம்ஐ லைன்கள்ல வர்ற அதிர்ச்சியை 5 வோல்ட்டுக்கோ கிரவுண்டுக்கோ திருப்பி விடறதுதான் அதோட வேலை. அதைத் தூக்கினதும் லைன் கிலோ ஓம்ஸுக்கு ஏறிடுச்சு, செட்டு ஆன்! பழைய ஸ்க்ராப் போர்டுலேர்ந்து அதே நம்பர் பார்ட்டை எடுத்து, சூடு காத்து அடிக்கற ஹாட் ஏர் மெஷின்ல சால்டர் பண்ணி உட்கார வச்சேன். அது இல்லாமலும் படம் வரும். ஆனா அடுத்த தடவை மெயின் ஐசி நேரா அடி வாங்கும். அதனால காலியா விடாதீங்க.

இப்ப அக்கா கேள்விக்கு வரேன். டிவி ப்ளக்கைத்தான் பிடுங்கினா. டிஷ் ஒயர் செட்டாப் பாக்ஸ்ல இருந்தது, பாக்ஸ்லேர்ந்து ஹெச்டிஎம்ஐ டிவியில, டிவியிலேர்ந்து லேன் கேபிள் ரௌட்டருக்கு. ரௌட்டர் கரண்ட்லயே இருந்தது. மின்னல் பக்கத்துல விழுந்தாலே கூரை மேல போற அந்த நீள ஒயர்ல வோல்டேஜ் ஏறிடும். அது டிஷ் பக்கம் நுழைஞ்சு, டிவி வழியா நடந்து, லேன் பக்கம் வெளிய போயிருக்கு. எம்ஓவி அந்தப் பாதையிலயே இல்ல! அதனால ப்ளக்கோட சேர்த்து டிஷ் ஒயரையும் லேன் ஒயரையும் கழட்டுங்க. அதையும் இடிச் சத்தம் கேக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே செஞ்சிடுங்க. தலைக்கு மேல மின்னும்போது ஒயர்ல கை வைக்கவே கூடாது.

ஸ்பைக் கார்டு இருக்கேன்னு கேப்பீங்க. அதுக்குள்ளயும் எம்ஓவிதான், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேயும். அதனால அதை மட்டும் நம்பி இருக்காதீங்க.

ஆ, லேன் போர்ட்! அது எழுந்திருக்கல. கேபிள் மாட்டினா லிங்க் லைட்டே வரல. அக்கா இப்ப வைஃபைல பார்த்துக்கிட்டு இருக்கா. அந்தப் போர்ட்டுக்குப் பின்னாடி இருக்கற குட்டி ட்ரான்ஸ்ஃபார்மரை அடுத்த வீடியோல கழட்டிப் பார்த்துடலாம்.