மறந்தார்களா, மறுத்தார்களா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மின்னணு இசையின் முன்னோடிப் பெண்கள் வெளியே தெரியாமல் போனதற்குப் பின்னாளில் வரலாறு எழுதியவர்களின் மறதியே காரணம் என்று எதிரணித் தலைவர் வாதிட்டு அமர்ந்திருக்கிறார். மறப்பதற்கு முதலில் ஒரு பெயர் பதிவாகியிருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பதிவையே நடக்கவிடாமல் தடுத்தவை அக்காலத்து நிறுவனங்களின் விதிமுறைகள் என்பது எங்கள் அணியின் வாதம்.

இங்கிலாந்தின் மின்னணு இசைக்கலைஞர் டெலியா டெர்பிஷயரை எடுத்துக்கொள்கிறேன். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்று 1959-இல் பட்டம் பெற்ற அவர், டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தை அணுகியபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு பிபிசியில் சேர்ந்து, 1962-இல், நிகழ்ச்சிகளுக்கு மின்னணு ஒலி அமைக்கும் அதன் பிரிவான ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்புக்குச் சென்றார். 1963-இல், 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடருக்காக இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் எழுதித் தந்த முகப்பிசையை ஒலியாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மின்சுற்றால் இசையொலி எழுப்பும் சிந்தசைசர் கருவி கடைக்கு வராத காலம் அது. மீட்டிய ஒற்றைக் கம்பியின் ஓசையையும், மின் அலைவு எழுப்பும் ஆசிலேட்டர் கருவியின் ஒலியையும், எல்லா அதிர்வெண்களும் கலந்த 'ஸ்ஸ்' என்ற வெள்ளை இரைச்சலையும் ஒலிநாடாவில் பதிந்து, ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் சுருதி மாற்றி, ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய நீளத்துக்கு நாடாவை அளந்து வெட்டி ஒட்டி, அந்த இசை முழுவதையும் அவர் உதவியாளருடன் உருவாக்கினார். கணிதம் படித்தது வீண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். முடிந்ததைக் கேட்டு வியந்த கிரெய்னர், டெலியாவையும் இணை இசையமைப்பாளராகக் குறிப்பிட வேண்டும் என்று முயன்றார். ஒர்க்‌ஷாப் ஊழியர்களின் பெயரைத் தனியாகக் குறிப்பிடுவதில்லை என்ற பிபிசியின் நடைமுறை அதற்கு இடம் தரவில்லை.

அந்த நடைமுறை ஆண்களுக்கும் பொதுவானதுதானே என்று எதிரணியினர் கேட்கக்கூடும். பொதுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் பெயர் வேண்டுமென்றால் வேறு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்க்கொள்ளும் வழி ஆண்களுக்குத் திறந்திருந்தது. டெலியாவுக்கோ அந்த வழி 1959-லேயே அடைபட்டுவிட்டது. பொது விதி எல்லோரையும் ஒரே அளவில் அழுத்துவதில்லை, நடுவர் அவர்களே.

அந்த ஒர்க்‌ஷாப்பை 1958-இல் நிறுவியவர்களுள் ஒருவரான டாஃப்னி ஓரமின் கதையும் இதுவே. இரண்டு இசைக்குழுக்களையும் மைக்ரோஃபோன்களையும் முன்பே பதிவான இசைத்தட்டுகளையும் ஒரே மேடையில் இணைக்கும் 'ஸ்டில் பாயின்ட்' என்ற படைப்பை அவர் 1949-லேயே எழுதிவிட்டார். பிபிசி அதை ஏற்கவில்லை. அவர் 2003-இல் மறையும் வரை அது அரங்கேறவும் இல்லை. 2018-இல் அதே பிபிசியின் ப்ராம்ஸ் இசைவிழாவில் அது ஒலித்தது. ஒர்க்‌ஷாப்பை நாடகங்களுக்கு ஒலி சேர்க்கும் இடமாகவே நிறுவனம் கருதியதால், தொடங்கிய மறு ஆண்டே அவர் வெளியேறி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தனிக்கூடம் அமைத்து, 35 மி.மீ. ஃபிலிமில் கோடு வரைந்தால் அதை ஒலியாக மாற்றும் 'ஓராமிக்ஸ்' கருவியை உருவாக்கினார். கோட்டின் வடிவம் நாதத்தின் தன்மையையே தீர்மானித்தது.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். 1956-இல் வந்த 'ஃபார்பிடன் பிளானட்' திரைப்படத்துக்கு பீபி பாரனும் அவர் கணவர் லூயிஸும் முழுக்க மின்சுற்றுகளாலேயே இசை அமைத்தார்கள். இசைக்கலைஞர் சங்கத்துடன் சிக்கல் வரும் என்று அஞ்சி, திரையில் 'மின்னணுத் தொனிகள்' என்று போட்டார்கள். இசை என்ற சொல்லுக்கே அனுமதி இல்லை.

எதிரணியினருக்கு ஒரே கேள்வியுடன் அமர்கிறேன். டெலியா 2001-இல் காலமானார். முகப்பிசைக்காக அவர் பெயர் அந்தத் தொடரின் திரையில் முதன்முதலாக வந்தது 2013-இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில். 1963-லேயே கிரெய்னர் எடுத்துச் சொன்ன பெயர் ஐம்பது ஆண்டு காத்திருந்ததற்கு எந்த வரலாற்றாசிரியரின் மறதியைச் சான்றாகக் காட்டப் போகிறீர்கள்?