தட்டி ஆடியது, கதை ஆடவில்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

"பழைய, செலவு குறைந்த அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்கள் இன்றும் நம்மை இழுப்பது கதையின் பலத்தாலா, கடந்த கால ஏக்கத்தாலா?" இதுதான் தலைப்பு. கதையின் பலத்தால்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை வைத்தார். இந்தத் தொடர்களை விரும்புகிறவர்கள் உண்மையில் தங்கள் சின்ன வயதைத்தான் விரும்புகிறார்கள் என்றார். அப்புறம், ஆடுகிற செட் தட்டியையும் ரப்பர் வேஷத்தையும் பார்த்துச் சிரிப்பதற்குத்தான் இன்று ஆள் இருக்கிறது என்றார்.

முதல் வாதத்துக்கு என் பதில் சின்னது. 'டாக்டர் ஹூ' தொடர் 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது. அன்று நான் பிறந்திருக்கவே இல்லை. அதன் கறுப்பு வெள்ளை எபிசோடுகளை நான் முதன்முதலில் பார்த்தது வேலைக்குப் போன பிறகு. என் சின்ன வயதில் அந்தத் தொடர் எங்கேயும் கிடையாது. என்னிடம் இல்லாத நினைவுக்காக நான் எப்படி ஏங்க முடியும்?

இரண்டாவது வாதத்துக்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அது இந்தத் தொடர்களை உருவாக்கியவர்களைக் குறைத்துப் பேசுகிறது. அதை என்னால் சும்மா விட முடியாது.

1953-இல் 'குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' என்ற தொடரை பிபிசி ஒளிபரப்பியது. லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ் ஸ்டூடியோவிலிருந்து நேரலை. தவறு நடந்தால் திருத்த வழியில்லை. விண்வெளிக்குப் போன மூன்று பேரில் ஒருவன் மட்டும் திரும்பி வருகிறான், வந்தவன் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஏதோ உயிராக மாறுகிறான். கடைசியில் அந்தப் பிராணி வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள் படர்ந்து நிற்க வேண்டும். பணம் எங்கே? கதையை எழுதிய நைஜல் நீல், கையுறைகளில் செடிகொடிகளை ஒட்டினார். தேவாலயத்தின் பெரிதாக்கிய புகைப்படத்தில் ஓட்டை போட்டு, தன் கைகளையே அதற்குள் விட்டு ஆட்டினார். பிராணி தயார். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்தக் கையுறையை அவர் கடைசி எபிசோடில்தான் காட்டுகிறார். அதற்கு முந்தைய ஐந்து வாரமும் ஒரு மனிதன் தன்னை இழப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தவர்களுக்கு அது எப்படிக் கையுறையாகத் தெரியும்? யானையைப் பார்க்கிறவனுக்கு மரம் தெரியாது என்பார்கள். அந்த யானையைச் செதுக்கியது எழுத்து.

'டாக்டர் ஹூ'வுக்கு வருவோம். அதில் வரும் கால இயந்திரம், போகிற இடத்துக்கு ஏற்ப உருமாறக் கூடியது என்பது கதை. வாரா வாரம் புது உருவம் செய்யக் கட்டுப்படியாகாது. சரி, அந்த உருமாறும் கருவி பழுதாகிவிட்டது என்று எழுதினார்கள். போலீஸை அழைக்க அன்று லண்டன் தெருவில் நின்ற, ஆள் நுழையும் அளவு நீல நிறப் போலீஸ் பெட்டியாகவே அது தங்கிவிட்டது. தாராளமாகப் பணம் இருந்திருந்தால் வாரம் ஒரு பளபளப்பான இயந்திரம் வந்திருக்கும், அடுத்த வாரமே மறந்திருக்கும். வெளியே சின்னப் பெட்டி, உள்ளே பெரிய உலகம் என்ற அந்தக் கற்பனை அறுபது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

அந்த இயந்திரம் கிளம்பும்போது ஒரு சத்தம் வரும், இழுத்து இழுத்து மூச்சு வாங்குவது போல. பிரையன் ஹாட்ஜ்சன் என்ற ஒலிக் கலைஞர், தன் அம்மாவின் வீட்டுச் சாவியைப் பழைய பியானோ கம்பிகளின் மேல் தேய்த்துப் பதிவு செய்து, அதை ஒலிநாடாவில் மாற்றி மாற்றி உருவாக்கியது அது. தொடரின் தொடக்க இசைக்கு ரான் கிரெய்னர் மெட்டமைத்தார். அதற்கு ஒலி கொடுத்த டெலியா டெர்பிஷைர் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்தார், நாடாவை வெட்டி ஒட்டிச் சேர்த்தார். சின்தசைசர் கைக்கு வராத காலம். இவ்வளவு பொறுமையோடு செய்த வேலையை மலிவு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

'டாக்டர் ஹூ'வில் எதிரிகளாக வரும் டேலெக்குகளைப் பற்றியும் எதிரணி சொன்னது. அதன் கை, தொட்டி அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணம்தான். உண்மை. ஆனால் டெர்ரி நேஷன் அந்தப் பாத்திரத்தை எழுதும்போது கேட்டது என்ன? வேஷம் போட்ட மனிதன் என்று தெரியவே கூடாது, அதற்குக் கால் இருக்கக் கூடாது என்றார். தரை தொடும் பாவாடையில் கால் தெரியாமல் வழுக்கிச் செல்லும் ஜார்ஜிய நடனக் கலைஞர்கள் அவர் மனதில் இருந்தார்கள். ரேமண்ட் கியூசிக் அதை வடிவமைத்தார், உள்ளே ஒருவர் உட்கார்ந்து காலால் தள்ளி நகர்த்தினார். தன்னைப் போல் இல்லாத எதையும் அழித்துவிட வேண்டும், இதுதான் டேலெக்கின் ஒரே கொள்கை. 1964-இல் அந்த டேலெக்குகள் லண்டனைப் பிடித்து வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் ஊர்ந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர்களுக்கு நாஜிக் குண்டுவீச்சு ஞாபகம் இருந்த காலம். அவர்கள் ரப்பர் கிண்ணத்தையா பார்த்திருப்பார்கள்?

'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரிலும் இதே கதைதான். ஒவ்வொரு வாரமும் விண்கப்பலை ஒரு கிரகத்தில் இறக்கிக் காட்டச் செலவு அதிகம் என்பதால்தான், நின்ற இடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றும் யோசனை வந்தது. அதை விடுங்கள். 1967-இல் வந்த ஓர் எபிசோடைச் சொல்கிறேன். ஒரு சுரங்கத்தில் தொழிலாளர்கள் வரிசையாகச் சாகிறார்கள். கொல்வது பாறை போன்ற ஒரு பிராணி. ஒரு நடிகர் உறையைப் போர்த்திக்கொண்டு தவழ்வது நன்றாகவே தெரிகிறது. ஆனால் கப்பலின் அதிகாரியான ஸ்பாக் அதைத் தொட்டு அதன் மனதைப் படிக்கும்போது விஷயம் புரிகிறது. அது ஒரு தாய். ஏதோ கல் உருண்டைகள் என்று தொழிலாளர்கள் உடைத்துப் போட்டவை அதன் முட்டைகள். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது, நடுவர் அவர்களே. யார் அரக்கன் என்ற கேள்வி அப்படியே திரும்பி நம் பக்கம் நிற்கிறது. எத்தனை கோடி செலவழித்து அந்தப் பிராணிக்கு உயிரோட்டம் கொடுத்தாலும் அந்தக் கணத்தில் ஒரு துளி கூடச் சேராது.

'ட்விலைட் ஸோன்' தொடரில் 1960-இல் இன்னொன்று. ஒரு பெண்ணின் முகம் முழுக்கக் கட்டு. அவளைச் சுற்றி நிற்கும் மருத்துவர், செவிலியர் யாருடைய முகமும் நிழலை விட்டு வெளியே வருவதில்லை. கிட்டத்தட்ட அந்த மருத்துவமனைக்குள்ளேயே முழுக் கதையும் நடக்கிறது. கடைசியில் கட்டு பிரிகிறது. நம் கண்ணுக்கு அவள் அழகி. திகைத்துப் பின்வாங்கும் மற்ற எல்லோருக்கும் கோணிய, பன்றி போன்ற முகம். எது அழகு என்று முடிவு செய்தது யார் என்ற கேள்வியை ஒரு விளக்கும் கொஞ்சம் இருட்டும் கேட்டுவிட்டன.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் பழைய தொடரும் நல்ல தொடர் இல்லை. ஒரே நடைபாதையில் திரும்பத் திரும்ப ஓடி நேரத்தைக் கடத்திய எபிசோடுகள் உண்டு. ஆனால் அவற்றை இன்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை. வெறும் ஏக்கம்தான் காரணம் என்றால் அவையும் சேர்ந்தல்லவா வாழ்ந்திருக்க வேண்டும்?

கடைசியாக ஒன்று. 1960-களிலும் 70-களிலும் பிபிசி பல நிகழ்ச்சிகளின் நாடாக்களை அழித்தது. 'டாக்டர் ஹூ'வில் மட்டும் 90-க்கும் மேற்பட்ட எபிசோடுகளின் படம் இன்று இல்லை. ஆனால் ஒலி இருக்கிறது. அந்தக் காலத்து ரசிகர்கள், சிலர் தொலைக்காட்சிக்கு முன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் பதிவு செய்து வைத்தார்கள். தொலைந்த எபிசோடு ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு பதிவு மிஞ்சியிருக்கிறது. அன்றைக்குப் பிறந்தே இராதவர்கள் அதை இன்று கேட்கிறார்கள், கதையின் முடிவு வரை கேட்கிறார்கள். அங்கே சிரிப்பதற்குத் தட்டியும் இல்லை, வேஷமும் இல்லை. தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.