1,250 டன் எஃகுச் சட்டகத்தைச் சாய்த்துப் படுக்கவைத்த பொறியாளர்கள்: பெர்லின் மத்திய ரயில் நிலையம் உருவான விதம்

(திரையில்: தண்டவாளங்களின் இருபுறமும் செங்குத்தாக நிற்கும் எஃகுச் சட்டகங்கள்)

வணக்கம். திரையில் நீங்கள் காணும் எஃகுச் சட்டகம் ஒன்றின் எடை சுமார் 1,250 டன். இதைப் போன்ற நான்கு சட்டகங்களை 2005ஆம் ஆண்டின் கோடையில் பெர்லின் பொறியாளர்கள் ரயில் பாதைக்கு மேலே மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். நிற்கவைத்துக் கட்டியதை எதற்காகப் பிறகு சாய்க்க வேண்டும்? ஒரு பெருநகரின் நடுவே புதிய ரயில் நிலையம் அமைப்பதில் உள்ள உண்மையான சிக்கலை இந்தக் கேள்வியைப் போல வேறு எதுவும் விளக்குவதில்லை என்பது என் கருத்து.

(திரையில்: பெர்லின் நகர வரைபடம்)

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 19ஆம் நூற்றாண்டில் பெர்லினுக்குப் பாதை போட்ட ரயில் நிறுவனங்கள் தனித்தனி முனையங்களைக் கட்டிக்கொண்டன. 1882இல் நகரின் குறுக்கே கிழக்கு மேற்காக ஓர் உயர்மட்டப் பாதை வந்தது. ஆனால் வடக்கிலிருந்து தெற்கே செல்லும் தொலைதூர ரயில்கள் நகரின் மையத்தை ஊடுருவிச் செல்ல வழியில்லை. போரும் பிரிவினையும் அந்த முனையங்களில் பலவற்றை அழித்தன. ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு, பழைய லெர்ட்டர் முனையம் இருந்த இடத்துக்கு அடியில் வடக்கு தெற்காக ஒரு சுரங்கப் பாதை அமைத்து, இரு பாதைகளும் சந்திக்கும் அவ்விடத்திலேயே மத்திய நிலையத்தைக் கட்ட முடிவாயிற்று.

கீழ்த்தளத் தண்டவாளங்கள் எட்டும் தரைமட்டத்திலிருந்து சுமார் 15 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. பெர்லினில் நிலத்தடி நீர் மேல்மட்டத்திலேயே இருப்பதால், தோண்டிய குழிகளில் நீர் நிறைந்திருக்க, முக்குளிப்போரின் உதவியுடன் நீருக்கடியிலேயே கான்கிரீட் தளம் போட்டு, அதன் பிறகே நீரை இறைத்து வெளியேற்றினார்கள். சுரங்கப் பணிக்காக ஷ்ப்ரே ஆற்றையே சில காலம் திசைதிருப்பினார்கள்.

(திரையில்: சட்டகங்கள் சாயும் அசைபடம்)

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருவோம். மேல்தளத்தில், தரையிலிருந்து சுமார் 10 மீட்டர் உயரத்தில், ஆறு தண்டவாளங்கள் செல்கின்றன. அந்தக் கிழக்கு மேற்குப் பாதையை மாதக்கணக்கில் மூடினால் நகரமே திணறிவிடும். ஆகவே பழைய பாதைக்குப் பக்கத்தில் முதலில் புதிய பாலங்களைக் கட்டி, ரயில்களை அவற்றுக்கு மாற்றிய பின்னரே, 2002இல் அந்த உயர்மட்டப் பாதையில் இருந்த பழைய நகர ரயில் நிலையத்தை இடித்தார்கள். அடுத்து, தண்டவாளங்களின் குறுக்கே இரண்டு அலுவலகக் கட்டடங்களைப் பாலம்போல் அமைக்க வேண்டியிருந்தது. வழக்கமான முறையில் சாரம் கட்டி வேலை செய்தால், ஓடும் ரயில்களுக்கு மேலே நெடுங்காலம் ஆபத்து தொங்கிக்கொண்டிருக்கும். எனவே ஒவ்வொரு பாலத்தையும் இரண்டு பாதிகளாகப் பிரித்து, பாதையின் இருபுறமும் செங்குத்தாக எழுப்பி, கப்பல் செல்ல விரிந்து திறக்கும் தூக்குப்பாலத்தின் இரு சிறகுகளை மூடுவதுபோல, ஹைட்ராலிக் கருவிகளாலும் எஃகு வடங்களாலும் சிறிது சிறிதாகக் கீழே இறக்கி, நடுவில் இணைத்தார்கள். இந்த இறக்கும் பணி இரண்டு வார இறுதிகளில் முடிந்தது. இதில் என்னை வியக்கவைப்பது எடையன்று. கட்டடத்தின் வடிவத்தைப் பற்றி யோசித்த அதே அக்கறையுடன், அதைக் கட்டும்போது ரயில் எப்படி ஓடும் என்பதையும் யோசித்திருக்கிறார்களே, அதுதான். இந்தக் காட்சி உங்களுக்கும் பிடித்திருந்தால், கட்டுமானத் துறையில் உள்ள நண்பர் ஒருவருக்கு இதை அனுப்பிவையுங்கள்.

2006 மே மாத இறுதியில், உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்குச் சில நாட்களே இருந்தபோது, நிலையம் திறக்கப்பட்டது. அந்த அவசரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. மேல்தளக் கண்ணாடிக் கூரை 430 மீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டு, காலத்தை மிச்சப்படுத்துவதற்காக 321 மீட்டராகக் குறைக்கப்பட்டது. கீழ்த்தள உட்கூரையைத் தன் வடிவமைப்பிலிருந்து மாற்றியதற்காகக் கட்டடக் கலைஞர் மைன்ஹார்ட் ஃபான் கெர்கான் ரயில் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்ததுதான் செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது. உட்கூரை அழகைப் பற்றியது. மேற்கூரையோ பயணிகளைப் பற்றியது. ஜெர்மனியின் நீண்ட அதிவேக ரயில்கள் ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுள்ளவை என்பதால், கடைசிப் பெட்டிகளுக்காகக் காத்திருப்பவர்கள் மழையில் நனைய நேர்கிறது. கூரையைக் குறைத்திருக்கவே கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். திறப்பு நாள் தள்ளிப்போனாலும் முழுக் கூரையுடன்தான் திறந்திருக்க வேண்டும் என்பீர்களா, அல்லது குறித்த நாளில் திறந்ததே சரி என்பீர்களா? உங்கள் காரணத்தையும் சேர்த்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.