பாம்புக்குட்டிக்குத் தனிப் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். பிரிட்டனில் நம்மவர் வீடுகளிலும் பிள்ளைகள் இப்போது பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் கார்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த, விஷமில்லாத பாம்பு. இங்கே அதை வளர்க்க உரிமம் தேவையில்லை. பல வீடுகளில் ஏற்கனவே லெப்பர்ட் கெக்கோ, பியர்டட் டிராகன் போன்ற வளர்ப்புப் பல்லி ஒன்று இருக்கும். "தொட்டிதான் பெரிசா இருக்கே, குட்டிப் பாம்பையும் அதிலேயே விட்டால் என்ன?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்.

விடவே கூடாது. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

காட்டில் கார்ன் ஸ்நேக் குட்டியின் முதல் இரையே சின்னப் பல்லிகளும் தவளைகளும்தான். கெக்கோவும் ஒரு பல்லிதான். குட்டியாக இருக்கும்போது பாம்பால் அதை விழுங்க முடியாது, சரி. ஆனால் பெரிய கெக்கோ பாம்புக்குட்டியைக் கடித்துக் குதறிவிடும். பியர்டட் டிராகனோ அதை இரையென்றே நினைத்து விழுங்கப் பார்க்கும். ஒன்றையொன்று தொடாமல் இருந்தாலும், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற பயத்திலேயே பாம்பு சாப்பிடாமல் ஒடுங்கிவிடும்.

வெப்பமும் ஒத்துவராது. ஆஸ்திரேலியப் பாலையிலிருந்து வந்த பியர்டட் டிராகனுக்கு வெயில் காய 40 டிகிரி அளவுக்குச் சூடான இடமும், புற ஊதா விளக்கும் வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 30 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும், குளிர்ந்த பக்கம் 22, 24. ஒரே தொட்டியில் இருவருக்கும் நியாயம் செய்ய வழியில்லை.

இதையெல்லாம்விட நான் அஞ்சுவது கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு. மலத்தின் வழியே பரவும். கெக்கோவுக்கு வந்தால் கொழுப்பு சேர்ந்திருந்த வால் வற்றிக் குச்சியாகிவிடும். பாம்புக்கு வந்தால் நடுவயிறு வீங்கும், தின்றதைக் கக்கும். நம்பிக்கையான மருந்து இல்லை, வீட்டு பிளீச்சுக்கும் அது சாகாது. அதனால் புதிதாக வந்த பாம்பை மூன்று மாதமாவது வேறு அறையில் வையுங்கள். தண்ணீர்க் கிண்ணம், இடுக்கி எல்லாம் அதற்கென்று தனி. தினமும் பழைய பிராணிகளைக் கவனித்து முடித்த பிறகே புதியதிடம் போக வேண்டும், பிறகு கை கழுவ வேண்டும்.

தனியாக இருந்தால் பாவம் இல்லையா என்று தாய்மார் கேட்பார்கள். இல்லை. அது தனிமையில் வாழவே பிறந்தது. இரண்டு கார்ன் ஸ்நேக் குட்டிகளைக்கூடச் சேர்த்து வைக்கக்கூடாது. ஒன்று மற்றொன்றை விழுங்கியதுண்டு.

பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பென்சில் பருமன்கூட இல்லாத குட்டிக்கு ஆரம்பத்தில் சிறிய பெட்டியே நல்லது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு மறைவிடங்கள் கட்டாயம். பெட்டிக்கு அடியில் சூடு தரும் ஹீட் மேட்டை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடாதீர்கள், பாம்பின் வயிறு வெந்துவிடும். மூடியைப் பூட்டுங்கள். தலை நுழையும் இடுக்கு எதுவானாலும் முழு உடம்பும் வெளியே போய்விடும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் கையில் எடுக்காமல் விடுங்கள். அப்புறம் ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை ஒரு பிங்கி. அதாவது உரோமம் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு, கடையில் உறைந்த நிலையில் கிடைக்கும். பாம்பின் உடம்பில் தடிமனான இடத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது. உயிருள்ள எலி வேண்டாம். எலிக்கும் கொடுமை, பாம்பையும் கடித்துவிடும். உறைந்த பிங்கி இளக, முந்தின இரவே அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில், நம் உணவைத் தொடாதபடி வையுங்கள். மைக்ரோவேவில் போடாதீர்கள். உறையவைப்பதால் சால்மோனெல்லா கிருமி சாவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பிறகு பிங்கியைப் பையோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, துடைத்து, இடுக்கியில் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். நாக்கு வேகமாக வெளியே வந்து போகும். கழுத்து வளைந்து பின்னுக்கு இழுபடும். சட்டென்று பிடிக்கும், இரண்டு சுற்றுச் சுற்றும், பிறகு நிதானமாக இரையின் தலையைத் தேடி அங்கிருந்து விழுங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் பேச்சு, படம் பிடித்தல் எதுவும் வேண்டாம். விழுங்கிய பின் இரண்டு நாளுக்குள் கையில் எடுத்தால் கக்கிவிடக்கூடும்.

சில குட்டிகள் பிங்கியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. முதலில் வெப்பத்தைச் சரிபாருங்கள். கண் நீலம் பூத்து மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, காத்திருங்கள். அதுவும் இல்லையென்றால், பிங்கியைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி எலி வாடையைப் போக்கிவிட்டுக் கொடுத்துப் பாருங்கள். பல்லி உரித்த தோலைத் தடவிக் கொடுப்பவர்களும் உண்டு, பழைய இயல்பு அதில் விழித்துக்கொள்ளும். ஆனால் நான் சொன்ன ஒட்டுண்ணி அதே தோலோடு வரலாம். உங்கள் கெக்கோவைப் பரிசோதிக்காமல் அதைச் செய்யாதீர்கள்.

சமையல் தராசில் இல்லாமல், தனிச் சிறு தராசில் வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வையுங்கள். சாப்பிடாமல் எடையும் இறங்கினால், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். வணக்கம்.