அமெரிக்காவில் எந்த ஊர் நல்ல ஊர்?

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையனுக்கு டல்லாஸிலும் வேலை கிடைத்திருக்கிறது, சியாட்டிலிலும் கிடைத்திருக்கிறது. எந்தப் பக்கத்து மனிதர்கள் நல்லவர்கள்? எங்கே நிம்மதியாக இருக்கலாம்?" சம்பளத்தை யாரும் கேட்பதில்லை, அதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஜார்ஜியா, நியூ ஜெர்சி, மினசோட்டா ஆகிய மூன்று மாநிலங்களிலும் குடும்பத்தோடு வாழ்ந்தவன் நான். அந்த அனுபவத்தையும், இதையே ஆராய்ந்தவர்கள் கண்டறிந்ததையும் வைத்துக்கொண்டு இன்று பேசுகிறேன்.

முதலில் தெற்கு. ஜார்ஜியாவின் அட்லாண்டா நகருக்கு வடகிழக்கே குவினெட் கவுன்ட்டி என்ற மாவட்டத்தில் நாங்கள் குடியேறிய மறுநாளே எதிர்வீட்டு அம்மாள் வந்துவிட்டார். கையில், பீக்கன் பருப்பு பதித்துச் சுட்ட 'பை' என்ற இனிப்புப் பண்டம், மேலே கட்டம் போட்ட துணி. சொந்த ஊர் எது, அப்பா அம்மா இருக்கிறார்களா, பிள்ளைகளின் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் விசாரித்தார். பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டுதான் போனார். பின்னாளில் என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது, அந்தத் தெருக்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு எங்களுக்கு இரவு உணவு கொண்டுவந்தார்கள். நாங்கள் சைவம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முட்டை சேர்க்கலாமா என்றுகூட விசாரித்துச் சமைத்தார்கள். தெற்கத்தியர் அன்பு வெறும் மேல்பூச்சு என்று வடக்கே சிலர் சொல்வார்கள். அந்த உணவைச் சாப்பிட்டவன் நான். அதை ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

நியூ ஜெர்சியில் நிலைமை வேறு. பக்கத்து வீட்டுக்காரர் பல மாதங்கள் தலையசைப்போடு நிறுத்திக்கொண்டார். குளிர்காலத்தில் பெரிய பனி விழுந்த ஒரு நாள், நகராட்சி வண்டி சாலையைச் சுத்தம் செய்துகொண்டே போய், வாரிய பனியை எங்கள் வீட்டு வாயிலில் இடுப்பளவுக்குச் சுவராகக் குவித்துவிட்டது. அது சாதாரணப் பனி அன்று. உப்பும் சேறும் கலந்து கல்லாக இறுகிய பனி. மண்வெட்டியோடு நான் போராடுவதைப் பார்த்த அந்த மனிதர் தன் பனி அகற்றும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இப்படி வாரினால் முதுகு போய்விடும், தள்ளு" என்று அதட்டினார். கால் மணி நேரத்தில் பாதையைத் திறந்துவிட்டு, நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அன்பாகப் பேச அவருக்கு நேரமில்லை, உதவ மட்டும் நேரம் இருந்தது.

இது என் ஒருவன் அனுபவம்தானே என்று நீங்கள் கேட்கலாம். கலிபோர்னியாவைச் சேர்ந்த உளவியலாளர் ராபர்ட் லெவின் 1990களின் தொடக்கத்தில் 36 அமெரிக்க நகரங்களில், மக்கள் அந்நியருக்கு உதவுகிறார்களா என்று சோதித்துப் பார்த்தார். அவருடைய குழுவினர் நடைபாதையில் தெரியாமல் விடுவதுபோலப் பேனாவைத் தவறவிட்டார்கள். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, கையிலிருந்த பத்திரிகைகளைக் கீழே சரியவிட்டார்கள். பார்வையற்றவர்போலச் சாலையோரம் நின்றார்கள். தபால்தலை ஒட்டிய கடிதங்களை யாரோ தொலைத்ததுபோல விட்டுவிட்டு, யாராவது எடுத்துத் தபாலில் சேர்க்கிறார்களா என்று காத்திருந்தார்கள். முதலிடம் பெற்ற ஊர் ராச்செஸ்டர். கடைசி இடம் நியூயார்க் நகரம். இரண்டுமே நியூயார்க் மாநிலத்தில்தான் இருக்கின்றன! மனிதரின் உதவும் குணத்தோடு எல்லாவற்றையும்விட நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது மக்கள் நெருக்கம்தான். நெரிசல் கூடக்கூட உதவி குறைந்தது. ஆகவே, கிழக்கா மேற்கா என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு நெரிசலான இடம் என்று கேட்க வேண்டும்.

மேற்குக் கடற்கரையில் நான் வாழ்ந்ததில்லை, அதனால் அதிகம் சொல்ல மாட்டேன். சியாட்டிலுக்குப் புதிதாக வந்தவர்கள், அங்கே எல்லாரும் இனிமையாகப் பேசுகிறார்கள், வீட்டுக்கு மட்டும் யாரும் அழைப்பதில்லை என்று குறைப்படுவது நெடுநாள் வழக்கம். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் சாதாரண வீடே பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிடுகிறது. மென்பொருள் துறையில் இருவர் சம்பாதித்தாலும் மூச்சு வாங்கும்.

மினசோட்டாக்காரர் தம் வீட்டைத் தவிர எந்த இடத்துக்கும் வழி சொல்வார் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். பணிவு, பொறுமை, விடைபெற வாசலில் நின்று அரைமணி நேரம் பேசுவது, எல்லாம் உண்டு. நெருங்குவதற்குத்தான் காலம் பிடிக்கும். ஆனால் அங்கே என்னைக் கவர்ந்தது வேறு. 2023இல் மினசோட்டா ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளில் எல்லா மாணவர்களுக்கும் காலை உணவும் மதிய உணவும் இலவசம். பெற்றோரின் வருமானத்தை யாரும் கேட்பதில்லை. அதற்கு முன்பு, சாப்பாட்டுக் கணக்கில் கடன் ஏறிய பிள்ளை யார், இலவசத் தட்டு வாங்கும் பிள்ளை யார் என்பது வரிசையிலேயே தெரிந்துவிடும். இப்போது மருத்துவர் மகளும் துப்புரவுத் தொழிலாளி மகனும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். காமராஜர் காலத்திலிருந்து மதிய உணவைப் பார்த்துவரும் நமக்கு இதன் அருமை தெரியும். அதே மினசோட்டாவின் மினியாபொலிஸ் நகரில்தான் 2020 மே மாதம் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் உயிர்விட்டார் என்பதையும் நான் மறைக்க மாட்டேன். எந்த மாநிலத்துக்கும் முழு நற்சான்று கொடுத்துவிட முடியாது.

இனி வாழ்க்கைத் தரம். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஹவாயில் பிறக்கும் குழந்தையின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் 80.7 ஆண்டுகள். மிசிசிப்பியில் 71.9. ஒரே நாடு, ஒரே கொடி, ஏறக்குறைய ஒன்பது ஆண்டு வித்தியாசம்! தெற்கத்திய விருந்தோம்பலுக்குப் பேர்போன மாநிலம்தான் மிசிசிப்பி. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை விரிவுபடுத்த 2014 முதல் மத்திய அரசு பெரும்பங்கு பணம் தருகிறது. மிசிசிப்பி, டெக்சஸ், ஜார்ஜியா, ஃபுளோரிடா ஆகியவை அதை முழுமையாக ஏற்க மறுத்துவிட்டன. காப்பீடு இல்லாதோர் விகிதத்தில் டெக்சஸ் நாட்டிலேயே முன்னால் நிற்கிறது. 2006லேயே காப்பீட்டுக்குச் சொந்தமாகச் சட்டம் செய்த மாசசூசெட்ஸில் அது மிகக் குறைவு. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, வீடும் மலிவு என்று மகிழ்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொத்து வரியும் அங்கே கடுமை.

அம்மா அப்பாவை அழைத்துவந்து ஆறு மாதம் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்லாண்டா, டல்லாஸ் புறநகர்களில் பல இடங்களில் நடைபாதையே கிடையாது. பிள்ளைகள் வேலைக்குப் போனபின், கார் ஓட்டத் தெரியாத பெரியவர்கள் சன்னலோரம் உட்கார்ந்து காலியான தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நியூ ஜெர்சி எடிசனில் ஓக் ட்ரீ சாலைக்கு அருகே குடியிருந்தபோது என் மாமனார் தினமும் தனியாக நடந்துபோய்க் கறிவேப்பிலை வாங்கிவந்தார், வழியில் இரண்டு நண்பர்களையும் பிடித்துக்கொண்டார். ஜார்ஜியாவில் எங்கள் தெருவே அவரை நேசித்தது. ஆனாலும் அவர் எடிசனுக்குத்தான் ஏங்கினார்.

இங்கே ராஜ் செட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஒன்பது வயதில் அமெரிக்கா போய், இன்று ஹார்வர்டில் பொருளாதாரப் பேராசிரியராக இருக்கிறார். வருமானத்தின் அடித்தட்டில், அதாவது கடைசி ஐந்தில் ஒரு பங்கில் பிறந்த பிள்ளை, மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறும் வாய்ப்பு எந்த ஊரில் எவ்வளவு என்று 2014இல் அவர் குழு கணக்கிட்டது. சான் ஹோசேயில் 12.9 சதவீதம், சால்ட் லேக் சிட்டியில் 10.8. தெற்கிலுள்ள அட்லாண்டாவில் 4.5, ஷார்லட்டில் 4.4. பின்னர் 2022இல், ஏழு கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் ஃபேஸ்புக் நட்புகளை ஆராய்ந்து அவர்கள் கண்ட முடிவு என்னை உலுக்கியது. ஏழைப் பிள்ளைகளுக்கு வசதியானவர்களின் நட்பு கிடைக்கும் ஊர்களில்தான் அந்தப் பிள்ளைகள் மேலே வருகிறார்கள். அந்த நட்பு, அவர்கள் ஆராய்ந்த மற்ற எல்லா வகைச் சமூக உறவுகளையும்விட அதிகமாக முன்னேற்றத்தைக் காட்டிக்கொடுத்தது. மினசோட்டா அடங்கிய அமெரிக்காவின் நடு மேற்குப் பகுதியில் இந்த நட்பு அதிகம், தெற்கில் குறைவு. தெற்குக்கு ஆறுதலான செய்தியும் அதில் இருக்கிறது. பள்ளி, கல்லூரி, குடியிருப்பு இவற்றைவிட தேவாலயம் போன்ற இடங்களில்தான் வசதியானவரும் இல்லாதவரும் எளிதில் நண்பராகிறார்கள்.

எங்களுக்கு உணவு சமைத்துக் கொடுத்த குவினெட் மக்கள், அட்லாண்டாவின் ரயில் தங்கள் கவுன்ட்டிக்கு வர வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் 1971இல் வேண்டாம் என்றார்கள். 2019இலும் வேண்டாம் என்றார்கள். வரி கூடும் என்பது ஒரு காரணம். கறுப்பின மக்கள் ரயிலேறி வந்துவிடுவார்கள் என்ற அச்சம் முதல் வாக்கெடுப்பு நடந்த காலத்தில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. கார் இல்லாத தொழிலாளி அங்கே வேலைக்கு எப்படி வருவான்? தெருவில் தெரிந்தவருக்குச் சோறு கொடுக்கும் மனம், தெரியாதவருக்கு ரயில் கொடுக்கத் தயங்குகிறது. இதை மனவேதனையோடுதான் சொல்கிறேன், அவர்கள் என் அன்புக்குரியவர்கள்.

ஆகவே, பிள்ளைகளிடம் மாநிலத்தின் பெயரைக் கேட்பதோடு நிற்காதீர்கள். ஒரே நகரத்துக்குள் இரண்டு மைல் தள்ளினாலே நிலைமை மாறிவிடுகிறது. 2018இல் ராஜ் செட்டியின் குழு, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையோடு சேர்ந்து, ஏறத்தாழ இரண்டு கோடிப் பேரின் வாழ்க்கையைக் குழந்தைப் பருவத்திலிருந்து முப்பதுகளின் நடுப்பகுதி வரை தொடர்ந்து பார்த்து, 'ஆப்பர்ச்சுனிட்டி அட்லஸ்' என்ற வரைபடத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வீட்டு முகவரியை அதில் இட்டால், அந்தப் பேட்டையில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று காட்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, பகல் பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் இறங்கி நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வணக்கம்.