நிழல் நடக்கும் பாதையும் நம் நூலகத்தின் பதிவேடும்
(கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வரவேற்புரையாற்றிய நூலகர் அம்மையார் அவர்களே, சென்ற ஆண்டு இந்நூலகத்துக்குத் தம் சொந்தச் செலவில் தொலைநோக்கி ஒன்றை வாங்கித் தந்து, இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பெருந்தகையே, மேடைக்கு எதிரே பாய் விரித்து அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைமையாசிரியர் ஐயாவின் கொடையைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம்; அந்தத் தொலைநோக்கி வழியாக இவ்வூர்ப் பிள்ளைகள் சனிக் கோளின் வளையத்தைப் பார்த்த மாலையில் நானும் இங்கே இருந்தேன் என்று சொல்லி, அவருக்குக் கைகூப்பி, பொருளுக்கு வருகிறேன்.

வருங்கால முழுச் சூரிய கிரகணத்தின் பாதையை முன்கூட்டியே வரைவது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நான்கு செய்திகளைச் சொல்ல எண்ணி வந்தேன்: நிழலின் பாதை எவ்வாறு கணிக்கப்படுகிறது, புவியின் சுழற்சி அந்தக் கணக்கில் என்ன செய்கிறது, நிலவின் விளிம்பிலுள்ள மலைகள் என்ன செய்கின்றன, கடைசியாக, இதில் நம் ஊருக்கு என்ன வேலை. ‘ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. வானியலுக்கும் அது பொருந்தும் என்பதே என் கட்சி.

2027 ஆகஸ்ட் 2ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். அன்று நிலவின் கருநிழல், அதாவது சூரியன் முழுதாக மறைந்து தெரியும் நடு நிழல், அட்லாண்டிக் பெருங்கடலில் இறங்கி, ஸ்பெயினின் தென்முனையையும் மொராக்கோவின் வடமுனையையும் தழுவி, அல்ஜீரியா, துனீசியா, லிபியா வழியாக எகிப்தை அடைந்து, செங்கடலைத் தாண்டி ஜித்தா, மெக்கா, ஏமன், சோமாலியா என்று நடந்து, இந்தியப் பெருங்கடலில் முடியும். எகிப்தின் லக்சர் நகருக்கு அருகே சூரியன் 6 நிமிடம் 23 விநாடி முழுதாக மறைந்திருக்கும். இவ்வளவையும் இன்றைக்கே எப்படிச் சொல்ல முடிகிறது?

பழைய வழி ஒன்று உண்டு. 18 ஆண்டும் ஏறத்தாழ 11 நாளும் 8 மணி நேரமும் கழிந்தால், சூரியனும் நிலவும் புவியும் ஏறக்குறைய அதே நிலைக்குத் திரும்புகின்றன. இதைச் சாரோஸ் சுழற்சி என்கிறோம். அந்த எட்டு மணி நேரத்தில் புவி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால், அடுத்த கிரகணம் அவ்வளவு தொலைவு மேற்கே தள்ளி விழும்; மூன்று சுற்று முடிந்தால், அதாவது 54 ஆண்டும் ஒரு மாதமும் ஆனால், பழைய தீர்க்கரேகைக்கே திரும்பி வரும். 1955 ஜூன் 20 அன்று இலங்கையை இருட்டாக்கிய கிரகணத்தின் வழித்தோன்றல்தான் 2009 ஜூலை 22 அன்று சூரத்திலும் பாட்னாவிலும் தோன்றியது. 1973 ஜூன் 30 அன்று சகாரா பாலைவனத்தைக் கடந்த கிரகணம் 2027இல் அதற்கு வடக்கே, மத்தியதரைக் கடலோரமாக வரவிருக்கிறது. தேதியையும் திசையையும் சுழற்சி சொல்லிவிடும்; எந்தத் தெரு இருளும், எந்தத் தெரு இருளாது என்பதை அதனால் சொல்ல முடியாது.

அதற்கு வேறு கணக்கு வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பெசல் என்ற ஜெர்மானிய வானியலறிஞர் அதற்கு அழகான வழியொன்றைக் காட்டினார். புவியின் மையத்தின் வழியாக, நிழலின் அச்சுக்குச் செங்குத்தாக ஒரு தளம் இருப்பதாகக் கொள்ள வேண்டும். அத்தளத்தில் நிழலின் மையம் எப்படி நகர்கிறது, அதன் ஆரம் எவ்வளவு என்பதைச் சில எண்களில் அடக்கிவிடலாம். பிறகு, தன்னச்சில் சுழன்றுகொண்டிருக்கும் உருண்டையான புவியின் மேல் அந்த நிழலை இறக்கினால் பாதை கிடைத்துவிடும். இன்றும் கணினிகள் செய்வது இதையேதான். எஸ்பெனாக், மியூஸ் என்னும் இருவர் இவ்வாறு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு உரிய 11,898 சூரிய கிரகணங்களையும் கணித்து, ஒவ்வொன்றுக்கும் வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நிலவின் இடத்தைப் பற்றிக் கவலையில்லை. அப்பல்லோ வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த, லேசர் ஒளியைத் திருப்பியனுப்பும் எதிரொளிப்பான்களால் அதன் தொலைவைச் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கிறோம். சிக்கல் நம் காலடியில்தான் இருக்கிறது. கடல் அலையேற்றத்தின் இழுப்பால் புவியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்கிறது. நூறு ஆண்டுக்கு ஒரு நாளின் நீளம் இரண்டு மில்லி விநாடிக்கும் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. அற்பம் என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் சேர்ந்து அது பெரும் பிசகாகிவிடும். கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் பகல் இரவானதைக் களிமண் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். புவி என்றும் இன்றைய வேகத்திலேயே சுழன்றது என்று கொண்டு கணித்தால், அந்த நிழல் நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே விழுந்திருக்க வேண்டும். பெயர் தெரியாத ஓர் எழுத்தர் அன்று வானத்தைப் பார்த்து எழுதி வைத்த வரியால்தான் புவி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. வருங்காலத் தளர்ச்சியோ சீரானதன்று. ஒரு விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டருகே பாதை ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நகர்ந்துவிடும்.

மாணவர்கள் இந்தக் கதையைக் கவனமாகக் கேட்க வேண்டும். 1925 ஜனவரி 24. நியூயார்க் நகரத்தின் மேல் முழுக் கிரகணத்தின் தென் விளிம்பு விழப்போகிறது என்று கணித்திருந்தார்கள். நிலவின் இயக்கத்தைக் கணித்து அட்டவணை போடுவதிலேயே ஆயுளைச் செலவிட்ட யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரவுன் அப்போது இருந்தார். ஆனாலும், மன்ஹாட்டனில் எந்தத் தெருவோடு இருள் நிற்கும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? மின்சார நிறுவனத்தின் ஊழியர்களை, நம் மின்வாரியத்துக் கம்பியாளர்களைப் போன்ற சாதாரண மனிதர்களை, ஆற்றோரமாக வரிசையாக நிற்கும் அடுக்குமாடிக் கட்டடங்களின் மொட்டை மாடிகளில் தெருவுக்குத் தெரு நிறுத்தினார்கள். கடுங்குளிர். ஒவ்வொருவருக்கும் ஒரே கேள்வி: சூரியன் முழுதாக மறைந்ததா, ஒரு துளியாவது மிஞ்சியதா? காலை 9 மணியைத் தாண்டி நிழல் வந்தது. கணித்ததற்குச் சில விநாடி பிந்தி வந்தது. 96ஆம் தெருவுக்கு வடக்கே நின்றவர்கள் ‘முழுதாக மறைந்தது’ என்றார்கள். தெற்கே நின்றவர்கள் ‘ஒளி மிஞ்சியது’ என்றார்கள். அண்டவெளியிலிருந்து வந்த நிழலின் ஓரத்தை ஒரு தெருவின் அளவுக்குள் பிடித்துவிட்டார்கள்! பேராசிரியர் தனியாகப் பிடிக்கவில்லை, மின்சார ஊழியர்களும் தனியாகப் பிடிக்கவில்லை. ஊர் கூடித் தேர் இழுத்தது.

அதற்கும் முன்னோடி உண்டு. 1715 மே 3ஆம் நாள் கிரகணத்துக்கு எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கில வானியலறிஞர் இங்கிலாந்தின் மேல் நிழலின் பாதையை வரைந்து, அச்சிட்டு, மக்களிடம் பரப்பி, அவரவர் ஊரில் எவ்வளவு நேரம் இருண்டது என்று எழுதியனுப்பும்படி கேட்டார். நேரத்தில் 4 நிமிடமும், விளிம்பில் சுமார் 30 கிலோமீட்டரும் பிசகியிருந்தது. வந்து சேர்ந்த கடிதங்களைக் கொண்டு வரைபடத்தைத் திருத்தினார். 1980இல், சூரியனின் ஆரம் மாறியிருக்கிறதா என்று ஆராய்ந்தவர்கள் அதே மக்கள் எழுதிய குறிப்புகளைத் தேடியெடுத்துப் பயன்படுத்தினார்கள்.

நம் பக்கத்திலும் இந்த அறிவுக்குக் குறைவில்லை. 1825இல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், சோழிகளைத் தரையில் அடுக்கி, கணக்குக்கு வேண்டிய எண்களைச் சொற்களில் அடக்கிய மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை வாரன் என்ற அதிகாரி நேரில் கண்டு எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடமே பிசகு. முடிவில் 52 நிமிடம். அந்தக் கணிதரின் திறமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் பிசகை எழுதி வைத்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்து, திருத்தும் வழக்கம் நம்மிடம் ஊன்றவில்லையே என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு பஞ்சாங்கம் ஒத்துப்போக வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே வாதாடினார். 1871 டிசம்பர் 12 அன்று முழுக் கிரகணம் நீலகிரியையும் அவிநாசியையும் யாழ்ப்பாணத்தையும் கடந்தபோது, உலக வானியலாளர்கள் கருவிகளோடு இங்கே வந்து இறங்கினார்கள். நம் ஊரார் எழுதி வைத்த குறிப்பேடுகள் எங்கே?

2019 டிசம்பர் 26 அன்று கங்கண கிரகணம், அதாவது நிலவைச் சுற்றிச் சூரியன் வளையமாக மிஞ்சித் தெரியும் கிரகணம், கோவை, கரூர், திண்டுக்கல் வழியாகச் சென்றது. திண்டுக்கல் பக்கம் ஒரு பூவரச மரத்தடியில் நின்றேன். இலை இடுக்குகளில் நுழைந்த வெயில், புழுதியில் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு ஒளி வளையங்களாக விழுந்திருந்தது. தெருவிலோ கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன. தாழ்ப்பாள் போட்ட சன்னலுக்குப் பின்னால் ஒரு சிறுமி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொல்ல வந்தது இதற்குத்தான். 2031 மே 21 அன்று, நண்பகலைக் கடந்த வேளையில், கங்கண கிரகணத்தின் பாதை கொச்சி வழியாகத் தேனி, மதுரைப் பகுதிகளைக் கடந்து இலங்கையின் வடக்கே செல்கிறது. சுமார் 150 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பாதைக்கு இரண்டு விளிம்புகள் உண்டு; இரண்டும் நம் கிராமங்களுக்கு நடுவேதான் ஓடப்போகின்றன. நிலவின் விளிம்பு மலைகள் ஒளியை மறைத்தும் பள்ளங்கள் அதைக் கசியவிட்டும் தங்கள் வேலையைக் காட்டும் இடம் அதுவே. அங்கே ஊருக்கு ஒருவர் நின்று, வளையம் முழுதாகக் கூடியதா, எந்த விநாடியில் கூடி எந்த விநாடியில் பிரிந்தது என்று எழுதினால், கணக்கையும் சூரியனின் அளவையும் சேர்த்தே சரிபார்க்கலாம். கைப்பேசி ஒவ்வொருவர் கையிலும் சரியான நேரம் காட்டுகிறது. 1925இல் அந்த மொட்டை மாடிகளில் நின்றவர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே பேரூராட்சித் தலைவர் அவர்களையும் நூலகத் துறையையும் இம்மேடையிலிருந்து வேண்டுகிறேன். பாதைக்குள் வரும் கிளை நூலகங்கள் ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர்களோடு பெரிய அளவில் தமிழில் அச்சிட்ட பாதை வரைபடம் தொங்க வேண்டும். தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடிகள் இருக்க வேண்டும். கிரகணப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட வேண்டும். ஒத்திகையை 2027லேயே பார்க்கலாம். இவ்வூரிலிருந்து ஜித்தாவுக்கு வேலைக்குப் போயிருக்கும் தம்பிமார்கள் ஆகஸ்ட் 2 அன்று முழுக் கிரகணத்துக்குள்ளேயே நிற்பார்கள். அவர்கள் அனுப்பும் குறிப்புகள் நம் பதிவேட்டின் முதல் பக்கமாக அமையட்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்றால், கடல் கடந்த ஊராரும் வடம் பிடிக்கத்தான் வேண்டும்.

விண்ணப்பப் படிவம் நூலகர் அம்மையாரின் மேசையில் இருக்கிறது. பெயர், கைப்பேசி எண், 2031இல் நீங்கள் நிற்க விரும்பும் ஊர் ஆகிய மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். பள்ளி மாணவர்கள் பெற்றோரின் கையெழுத்தையும் வாங்கி வர வேண்டும். வாய்ப்பளித்த வாசகர் வட்டத்துக்கு நன்றி. வணக்கம்.