டிவி பேட்டிக்கு என்ன உடுத்துவது? கிளிப்பச்சைப் புடவை கற்றுக்கொடுத்த கதை

ஒரு காலை நேரலை. விருந்தினர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, பொதுத்தேர்வு சமயம் என்பதால் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்ல வந்தவர். முதல் டிவி பேட்டி அல்லவா, பீரோ அடியிலிருந்து நல்ல பட்டு ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார், பளிச்சென்ற கிளிப்பச்சையில் அரக்கு பார்டர். மைக் மாட்டிவிடுவது அப்போது என் வேலை. "சூப்பரா இருக்கு டீச்சர்" என்று சொல்லி முடிப்பதற்குள் கன்ட்ரோல் ரூமிலிருந்து காதுக்குள் ஒரு அலறல்: "டேய், டீச்சரோட உடம்பைக் காணோம்டா!"

(திரையில்: பச்சைத் துணிக்கு முன்னால் ஒரு நாற்காலி. அடுத்த நொடி அதே நாற்காலி, பின்னால் மெரினா.)

மானிட்டரைப் பார்த்தால் தலை இருக்கிறது, இரண்டு கைகள் இருக்கின்றன, அரக்கு பார்டர் மட்டும் அந்தரத்தில் வளைந்து தொங்குகிறது, உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் கடல் அலை அடிக்கிறது. இதுதான் கிரீன் மேட், அதாவது விருந்தினருக்குப் பின்னால் கட்டும் பச்சைத் துணி. படத்தில் எங்கெல்லாம் பச்சை இருக்கிறதோ அங்கெல்லாம் வேறு படத்தை ஒட்டு என்பதுதான் மெஷினுக்குச் சொல்லியிருப்பது, துணி எது புடவை எது என்று அதற்கு எப்படித் தெரியும்? பச்சையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: மனிதத் தோலில் அந்த நிறம் கிடையாது, கேமரா சென்சாரிலும் பொதுவாக நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சைக்கானவை, அதனால் ஓரங்களைச் சுத்தமாக வெட்ட முடியும். சில இடங்களில் நீல மேட்டும் உண்டு. ஆகவே பேட்டிக்கு அழைத்து போன் வந்தால் முதல் கேள்வி, "செட்டா, மேட்டா? மேட் என்ன கலர்?" கேட்கக் கூச்சப்படாதீர்கள், கேட்கிற விருந்தாளியைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

செட் என்றால், அதாவது நிஜமாகவே சுவரும் சோபாவும் போட்ட இடம் என்றால், பின்னணி என்ன நிறம் என்று கேளுங்கள். 1960 செப்டம்பர் 26, அமெரிக்க அதிபர் தேர்தலில் கென்னடியும் நிக்சனும் மோதிய முதல் டிவி விவாதம், சிகாகோவில். கறுப்பு வெள்ளை ஒளிபரப்பு. நிக்சன் போட்டிருந்த சாம்பல் நிற சூட் வெளிறிய பின்னணியோடு கரைந்துவிட்டது, கென்னடியோ அடர் நிற சூட்டில் தனியாக எடுத்துத் தெரிந்தார். நிக்சன் கொஞ்ச நாள் முன்புதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இளைத்தும் போயிருந்தார், பழி முழுவதையும் சூட் மேல் போட முடியாது. ஆனாலும் பழுப்பு சோபாவில் பழுப்புச் சட்டை போட்டு உட்காருபவரைப் பார்த்தால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

அடுத்தது பொடிக் கட்டம், நெருக்கமான கோடு. கொசுவலை இரண்டு மடிப்பாகத் தொங்கும்போது லேசாக அசைத்துப் பாருங்கள், வலையில் இல்லாத அலை ஒன்று நெளிந்து ஓடும். கேமரா சென்சாரும் ஒரு வலைதான். உங்கள் சட்டையின் பொடிக் கட்டம் இன்னொரு வலை. இரண்டும் மோதும்போது நீங்கள் மூச்சு விட்டாலே சட்டை மினுமினுவென்று நெளியும், பார்க்கிறவர் நீங்கள் பேசுவதைக் கேட்க மாட்டார். பெரிய கட்டம் என்றால் பயமில்லை. வீட்டில் போனில் எடுத்துப் பார்த்தேன், நெளியவில்லையே என்றால், போன் வேறு, தூரம் வேறு, லென்ஸ் வேறு. அங்கே நெளியலாம்.

வெள்ளை? அரசியல்வாதிகள் எல்லாம் வெள்ளைதானே என்பீர்கள். ஸ்டூடியோவில் ஆள் உட்கார்ந்து முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தைச் சரிசெய்வதால் அவர்கள் தப்பிக்கிறார்கள், அப்போதும் சட்டை மடிப்பே தெரியாத வெள்ளைத் தாளாகத்தான் இருக்கும். வீட்டிலிருந்து லேப்டாப்பில் பேசும்போதுதான் சிக்கல். "ஐயோ, ரொம்ப வெளிச்சம்" என்று ஆட்டோ கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், நம் மாநிற முகம் அதில் இன்னும் கறுத்துப்போகும். கண்ணும் வாயும் தெரிந்தால் போதும் என்ற நிலை. சந்தன நிறமோ வெளிர் நீலமோ போதும். வேட்டி கட்டுபவர்கள் கரையைப் பாருங்கள்: கறுப்பு சிவப்புக் கரையோடு வந்தால் சர்க்கரை நோய் பற்றிப் பேச வந்த டாக்டர் கட்சிக்காரராகிவிடுவார்.

சரி, இப்போது யாரும் யோசிக்காத விஷயம், மைக். மோவாய்க்கு ஒரு சாண் கீழே கவ்விக்கொள்ளும் ஒரு கிளிப், அதிலிருந்து துணிக்குள்ளே ஓடும் ஒயர், அது போய்ச் சேருவது பழைய பட்டன் போன் அளவுக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை இடுப்பில் எங்கே மாட்டுவது? பேன்ட் பெல்ட்டில் மாட்டலாம். புடவை என்றால் பாவாடை இடுப்பில், பின்பக்கம், நாடாவை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். இடுப்பே இல்லாமல் தோளிலிருந்து ஒரே துணியாக இறங்கும் கவுன் போட்டு வந்தால் நாங்கள் செய்கிற சர்க்கஸைப் பார்க்க உங்களுக்கே பாவமாக இருக்கும். வட்டக் கழுத்து டி-ஷர்ட்டில் கிளிப் மாட்டினால் கழுத்து தொங்கும், பட்டன் பட்டி இருப்பதே உத்தமம். மொடமொடவென்று கஞ்சி போட்ட காட்டன் கம்பீரமாக இருக்கும், ஆனால் மைக்கில் ஒவ்வொரு அசைவுக்கும் சரசர. கனத்த ஜரிகையும் அப்படியே. தாலிச் சங்கிலி நீளமாக இருந்தால் மைக்கில் போய் டக் டக் என்று இடிக்கும். கழற்றுங்கள் என்று யாரும் சொல்ல மாட்டோம், நீங்களே ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி வளையல் மட்டும் வேண்டவே வேண்டாம், மேஜையில் கை தட்டிப் பேசுகிறவராக இருந்தால் இரண்டு கையிலும் ஜால்ரா கட்டிக்கொண்டு வந்த மாதிரி.

இன்னொன்று, கடையில் நின்று பார்க்கும் டிரெஸ் வேறு, உட்கார்ந்தால் வேறு. பட்டன் இடுக்கில் பனியன் தெரியும், குட்டை சாக்ஸுக்கு மேல் கெண்டைக்கால் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து யாரையாவது முன்னால் நின்று ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பைக்கில் வருபவர்கள் சட்டையை ஹேங்கரில் கொண்டு வந்து அங்கே மாற்றுங்கள், வெளிர் சாம்பலில் வியர்வை வட்டம் அப்படியே தெரியும்.

டீச்சர் கதையை விட்டுவிட்டேனே. நேரலைக்கு 8 நிமிடம் இருந்தது. மேக்கப் அக்கா நீலக் கைத்தறி கட்டியிருந்தார், மேட் பச்சை என்பதால் பிழைத்தோம். "வாங்க டீச்சர்" என்று உள்ளே அழைத்துப் போனார், இரண்டு பேரும் புடவையை மாற்றிக்கொண்டார்கள், ரவிக்கை அரக்கு நிறம் என்பதால் அது தப்பியது. டீச்சர் நீலத்தில் கணீரென்று பேசினார். அந்த அரை மணி நேரமும் மேக்கப் ரூமில் அக்கா கிளிப்பச்சைப் பட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசே இல்லை.